'எங்கள்' என்ற ஒரு சொல்

(ஜூலை 3, திருத்தூதர் புனித தோமா திருநாளை முன்னிட்டு வானொலியில் ஆற்றிய மறையுரை)

  

நம் தேனாம்பேட்டையின் நடுவே ஓடும் சாலைக்கு அண்ணா சாலை என்று பெயர். ஆனாலும் நம் பங்கின் பெரியவர்கள் இன்றும் அதை மவுண்ட் ரோடு என்றுதான் சொல்கிறார்கள். அந்த மவுண்ட் எந்த மவுண்ட் என்று ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்டோம். ஒரு பையன் எழுந்து, "ஜெமினி மேம்பாலம், ஃபாதர். அதுதான் மலை மாதிரி ஏறி இறங்குது" என்றான். எல்லாரும் சிரித்தோம். பிறகு சொன்னோம்: "இல்லை தம்பி. அது பறங்கிமலை, புனித தோமையார் மலை. கோட்டையிலிருந்து அந்த மலைக்குப் போகிற வழி என்பதால்தான் இது மவுண்ட் ரோடு ஆயிற்று."

திருத்தூதர் தோமா சின்னமலையில் தங்கிச் செபித்தார், கி.பி. 72-இல் பறங்கிமலையில் உயிர் கொடுத்தார், சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது நாம் தலைமுறை தலைமுறையாகப் பெற்றுக்கொண்ட மரபு. தேனாம்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நந்தனம், சைதாப்பேட்டை, அடுத்தது சின்னமலை. மூன்றே நிலையங்கள். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று நாம் பதறிக்கொண்டு ஓடுகிற இந்தச் சாலை, ஒரு காலத்தில் மக்கள் செபித்துக்கொண்டே நடந்து போன சாலை. எனவே தோமாவின் திருநாளில் செபத்தைப் பற்றிச் சிந்திப்பது நமக்குப் பொருத்தம்தான்.

அன்பர்களே, பங்குப் பணியில் நாம் அடிக்கடி கேட்கிற ஒரு சொல் உண்டு. "ஃபாதர், எனக்குச் செபிக்க வரல." இளைஞர்கள் சொல்கிறார்கள். முப்பது ஆண்டுகளாகச் செபமாலை கையில் வைத்திருக்கும் பாட்டிகளும் சொல்கிறார்கள். குருக்களாகிய நாமும் அதற்கு விலக்கல்ல. பலிபீடத்தின் முன் நிற்கும்போதே மனம் எங்கோ கட்டட நிதிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாள்கள் நமக்கும் உண்டு. ஆனால் கவனம் சிதறுவதால் செபம் வராமல் போவது ஒரு வகை. நெஞ்சு உடைந்து போனதால் செபம் வராமல் போவது வேறு வகை. இன்று நாம் பேச விரும்புவது இந்த இரண்டாவதைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயின் மகன் சாலை விபத்தில் அடிபட்டான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த பிள்ளை. அந்த அம்மா நான்கு வீடுகளில் சமையல் வேலை செய்து அவனைப் படிக்க வைத்தவர். 41 நாள்கள் அவன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். அந்த 41 நாள்களும் அவர்களுடைய அன்பியம் செபமாலை சொன்னது. திருப்பலியில் ஒவ்வொரு நாளும் அவன் பெயர் சொல்லி மன்றாடினோம். 41-ஆம் நாள் அவன் இறந்துபோனான்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், பங்கிலிருந்து நாங்கள் மூன்று பேர் அந்த வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் செபிக்கலாம் என்று எழுந்தபோது அவர் சொன்னார்: "வேணாம் ஃபாதர். நாப்பத்தோரு நாள் கேட்டேன். கேக்கல. இனிமே நான் அவர்கிட்ட பேச மாட்டேன்."

அப்போது நாம் ஒரு தவறு செய்தோம். இதை அந்த அம்மாவின் சம்மதத்தோடுதான் இங்கே சொல்கிறோம். குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் இறையியல் படித்திருந்தும், நம் வாயில் வந்தது என்ன தெரியுமா? "கடவுளுக்கு வேறு ஒரு திட்டம் இருக்கும்மா." அவர் நிமிர்ந்து பார்த்தார். "அந்தத் திட்டத்துக்கு என் புள்ளதான் கெடைச்சானா?" என்று கேட்டார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. நாங்கள் தலைகுனிந்து வெளியே வந்தோம்.

இங்கே சற்று நிறுத்தி, நம் தோமாவிடம் வருவோம்.

யோவான் நற்செய்தியில் தோமா பேசும் இடங்களைத் தேடிப் பார்த்தால் ஓர் அழகான செய்தி கிடைக்கிறது. முதலில் 11-ஆம் அதிகாரம். இலாசர் இறந்துவிட்டார். இயேசு யூதேயாவுக்குத் திரும்ப முடிவு செய்கிறார். அங்கே போனால் ஆபத்து என்று சீடர்கள் தயங்குகிறார்கள். அப்போது தோமா உடன்சீடர்களைப் பார்த்து, நாமும் அவரோடு போய்ச் சாவோம் என்கிறார். 'நாம்' என்று பேசுகிறார். அடுத்து 14-ஆம் அதிகாரம். இறுதி இரவுணவு. இயேசுவைப் பார்த்து, நீர் போகுமிடமே எங்களுக்குத் தெரியவில்லை, வழி மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்கிறார். இங்கே 'எங்களுக்கு' என்று பேசுகிறார்.

மூன்றாவது, 20-ஆம் அதிகாரம். ஆண்டவர் இறந்துவிட்டார். உயிர்த்த அன்று மாலை அவர் வந்தபோது தோமா மற்றவர்களோடு இல்லை. எங்கே போயிருந்தார் என்று யோவான் சொல்லவில்லை. துயரத்தில் இருப்பவர்கள் தனியே ஒதுங்குவது நமக்குத் தெரிந்ததுதான். திரும்பி வந்தவர் பேசும் பேச்சு மாறிவிட்டது. காயத்தைக் கண்ணால் பார்த்து, அதில் விரலை இட்டாலன்றி நம்ப மாட்டேன் என்கிறார். 'நாம்' போய்விட்டது. 'எங்கள்' போய்விட்டது. 'நான்' மட்டும் மிஞ்சியிருக்கிறது. துயரம் மனிதனைச் செய்யும் வேலை அது. அவனை ஒருமையாக்கி விடுகிறது.

அதன் பிறகு எட்டு நாள்கள். நாம் இந்த எட்டு நாள்களை அவசரமாகத் தாண்டிப் போகிறோம். அவை எப்படிப்பட்ட நாள்களாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பத்துப் பேர் ஆண்டவரைக் கண்ட மகிழ்ச்சியில் இருக்கிறார்கள். ஒருவர் மட்டும் நம்ப மாட்டேன் என்று அதே கூட்டத்தில் இருக்கிறார். அவர்கள் அவரை வெளியே போ என்று சொல்லவில்லை. நம்பிக்கை வந்த பிறகு வா என்று கதவைச் சாத்தவில்லை. அவரும் வெளியேறிவிடவில்லை. எட்டு நாள் கழித்து ஆண்டவர் மீண்டும் வரும்போது, தோமாவும் அவர்களோடு இருந்தார் என்று யோவான் எழுதுகிறார். அவர்களோடு இருந்தார்! அந்த எட்டு நாளும் தோமாவால் செய்ய முடிந்த ஒரே செபம் அதுதான். வாயால் எதுவும் சொல்ல முடியவில்லை. ஆனால் செபிக்கிறவர்களின் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகுதான் அந்தப் பெரிய அறிக்கை வருகிறது. இயேசுவைத் தன் ஆண்டவர் என்றும் தன் கடவுள் என்றும் தோமா சொல்கிறார். இங்கே 'என்' என்ற சொல் வருகிறது. ஆனால் இது ஒதுங்கிப் போன 'நான்' அல்ல. மற்றவர்கள் எட்டு நாள் தாங்கிப் பிடித்துக் காத்திருந்ததால் பிறந்த 'என்'.

இனி அந்தத் தாயின் வீட்டுக்குத் திரும்புவோம். நாம் தோற்றுப்போன இடத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் வென்றார். அன்பியத்தில் மூத்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். மறுநாள் மாலை அவர் அந்த வீட்டு வாசலில் பாயை விரித்தார். உள்ளே பார்த்துச் சொன்னாராம்: "ஏம்மா, நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அவர்கிட்ட உனக்குக் கோவம். சரி, இருக்கட்டும். உன் பங்கையும் சேத்து நாங்க சொல்லிக்கிறோம். நீ சும்மா உக்காந்திரு."

முப்பதாம் நாள் திருப்பலி வரை தினமும் மாலை ஏழு மணிக்கு அந்த வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து செபமாலை சொன்னார்கள். முதல் வாரம் அந்த அம்மா உள்ளேயே இருந்தார். இரண்டாவது வாரம் வாசற்படிக்கு வந்து உட்கார்ந்தார். வாய் திறக்கவில்லை. யாரும் திறக்கச் சொல்லவும் இல்லை.

சகோதர சகோதரிகளே, அந்தப் பாட்டி எந்த இறையியல் நூலும் படித்ததில்லை. ஆனால் ஆண்டவர் கற்றுக்கொடுத்த செபத்தின் உட்பொருளை அவர் நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். அந்தச் செபத்தை நாம் பிறந்ததிலிருந்து சொல்கிறோம். நம் தாத்தா பாட்டிகள் பழைய தமிழில், பிதாவே என்று அழைத்தார்கள். நாம் தந்தையே என்று அழைக்கிறோம். பரமண்டலம் விண்ணுலகமாயிற்று. இப்படிப் பல சொற்கள் மாறின. ஆனால் மாறாத ஒரு சொல் உண்டு. அதுதான் 'எங்கள்'.

இந்தச் சொல்லில் நம் தாய்மொழி நமக்கு ஒரு செல்வத்தை வைத்திருக்கிறது. தமிழில் 'நம்' என்றும் 'எங்கள்' என்றும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. இலத்தீனிலும் ஆங்கிலத்திலும் இந்த வேறுபாடு கிடையாது. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'நம்'. கேட்பவரை எதிரே நிறுத்தி, இந்தப் பக்கம் நிற்பவர்களை மட்டும் சேர்த்துச் சொன்னால் 'எங்கள்'. மறையுரை வைக்கும்போது நாங்கள் உங்களைப் பார்த்து, 'நம் தந்தை' என்கிறோம். பலிபீடத்தில் இறைவனை நோக்கியதும் 'எங்கள் தந்தை' என்கிறோம். கடவுளைப் பற்றிப் பேசுவதிலிருந்து கடவுளோடு பேசுவதற்குத் தாண்டும் இடம் இந்த ஒரு சொல்தான். அந்தத் தாண்டலை யாரும் தனியாகச் செய்வதில்லை. 'எங்கள்' என்று சொன்ன உடனே நமக்கு இருபுறமும் ஆள்கள் வந்து நின்றுவிடுகிறார்கள்.

ஆண்டவர் கற்பித்த அந்தச் செபத்தில் 'நான்', 'என்', 'எனக்கு' என்ற சொற்கள் ஓரிடத்திலும் இல்லை. உணவு கேட்கும்போதும், மன்னிப்புக் கேட்கும்போதும், சோதனையிலிருந்து காக்க வேண்டும்போதும் 'எங்கள்', 'எங்களை' என்றுதான் கேட்கிறோம். மூன்றாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் ஆயராக இருந்த புனித சிப்ரியான் இந்தச் செபத்துக்கு ஒரு விளக்க நூல் எழுதினார். கிறிஸ்தவருடைய செபம் பொதுவானது, நாம் ஒருவருக்காக மட்டும் அல்ல, மக்கள் அனைவருக்காகவும் மன்றாடுகிறோம், ஏனெனில் நாம் அனைவரும் ஒன்றாயிருக்கிறோம் என்பது அவருடைய படிப்பினை. கொள்ளைநோயும் துன்புறுத்தலும் நேரில் கண்ட ஓர் ஆயர் அப்படி எழுதினார் என்பதை நாம் மறக்கக் கூடாது.

சிலர் கேட்கலாம்: "ஃபாதர், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செபிக்கச் சொன்னவரும் இயேசுதானே?" ஆம். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் அப்படிச் சொன்னவர், அடுத்த சில வசனங்களிலேயே இந்தச் செபத்தைக் கற்றுக்கொடுக்கிறார். கதவைச் சாத்திய அறையில் தனியாக நிற்பவனுக்கும் அவர் கொடுக்கும் சொல் 'எங்கள்' என்பதே. அறை சிறிதாக இருக்கலாம். நம்மில் பலருடைய வீடே ஒரே அறைதான். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னதும் அந்த அறை நிரம்பிவிடுகிறது.

எனவே, செபிக்க வரவில்லை என்று கலங்கும் உங்களுக்கு இன்று நாம் சொல்ல விரும்புவது இதுதான். நீங்கள் சொல்ல முடியாத நாளிலும் அந்த 'எங்கள்' என்ற சொல்லுக்குள் நீங்கள் இருக்கிறீர்கள். உங்களுக்காக யாரோ அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மாற்கு நற்செய்தியின் 2-ஆம் அதிகாரத்தில் முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தில் நுழைய முடியாமல் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். படுத்திருந்தவர் வாய் திறந்து எதையும் கேட்டதாக மாற்கு எழுதவில்லை. இயேசு எதைக் கண்டார்? 'அவர்களுடைய' நம்பிக்கையைக் கண்டார். திருச்சபை என்பது அந்தக் கட்டிலின் நான்கு கால்கள். இன்று நாம் தூக்குகிறோம். நாளை நாம் தூக்கப்படுவோம்.

கொல்கத்தாவின் புனித அன்னை தெரேசா ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் இறைப்பிரசன்னத்தை உணர முடியாத இருளில் வாழ்ந்தார் என்பது அவருடைய கடிதங்கள் 2007-இல் வெளிவந்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த ஆண்டுகள் முழுவதும் அதிகாலையில் தம் சகோதரிகளோடு அவர் சிற்றாலயத்தில் முழந்தாளிட்டிருந்தார். உணர்வு இல்லாதபோதும் இடத்தை விட்டு நகரவில்லை. தோமாவின் எட்டு நாள் அவருக்கு அரை நூற்றாண்டு நீண்டது என்று சொல்லலாம். செபம் வரவில்லை என்பது நம்பிக்கை இல்லை என்பதற்கு அடையாளம் என்று இனி யாரும் தங்களைத் தாங்களே குற்றம்சாட்டிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் இந்தச் சொல்லுக்கு மறுபக்கமும் உண்டு. அது நம்மைத் தாங்குவது மட்டுமல்ல, நம்மைக் கேள்வியும் கேட்கிறது. 'எங்கள்' என்று சொல்லும்போது அதற்குள் யார் யாரைச் சேர்த்திருக்கிறோம்?

எங்கள் அனுதின உணவு என்று கேட்கிறோம். இரவு பத்து மணிக்கு அண்ணா சாலை நடைபாதையில் அட்டையை விரித்துப் படுப்பவர் அதில் இருக்கிறாரா? நம் வீட்டில் மீந்ததைக் கட்டிக் கொடுத்து அனுப்புகிறோமே, அந்த வேலைக்கார அம்மா அதில் இருக்கிறாரா? அவர்கள் உணவையும் சேர்த்துக் கேட்டுவிட்டு, வந்ததை நாம் மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா? எங்கள் குற்றங்களை மன்னியும் என்கிறோம். சொத்துத் தகராறில் ஆறு ஆண்டுகளாகப் பேசாத அண்ணன் அதில் இருக்கிறாரா? திருவிழா வரவுசெலவில் நம்மோடு மோதியவர், பாடற்குழுவில் நம் இடத்தைப் பிடித்தவர், இவர்கள் இருக்கிறார்களா? அவர் பின்வரிசையிலும் நாம் முன்வரிசையிலும் நின்று, ஒரே நேரத்தில் 'எங்கள் தந்தை' என்று சொல்கிறோம். பிள்ளைகள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே தகப்பனிடம் கை நீட்டினால், அந்தத் தகப்பனுடைய மனம் எப்படி இருக்கும்?

இப்போது மீண்டும் நம் மவுண்ட் ரோட்டுக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னையில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர் வாழ்ந்தார். செல்வந்தர், நல்ல கிறிஸ்தவர். பறங்கிமலைக்குப் போகிறவர்கள் அடையாற்றைக் கடந்தாக வேண்டும். மழைக்காலத்தில் அந்த ஆறு எப்படிப் பெருகும் என்பதை 2015 டிசம்பரில் நாமே கண்டோம். உஸ்கான் தம் சொந்தப் பணத்தில் 1726-இல் சைதாப்பேட்டையில் ஆற்றின் குறுக்கே ஒரு பாலம் கட்டினார். பறங்கிமலை உச்சிக்கு ஏறக் கல்படிகளும் அமைத்துக் கொடுத்தார். 1751-இல் அவர் இறந்தார். அவர் கட்டிய பாலம் இன்று இல்லை. அந்த இடத்தில் இப்போது மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. ஆனால் மலைக்கு ஏறும் படிகள் இன்றும் இருக்கின்றன. தவக்காலத்தில் நம் பங்கு மக்கள் சிலுவைப் பாதை செய்துகொண்டு அந்த வழியில் ஏறியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு படியிலும் நாம் கால் வைக்கும்போது, நம் பெயர் தெரியாத, நம் மொழி தெரியாத ஒருவர் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்னரே நம்முடைய செபத்துக்கு உதவி செய்திருக்கிறார். அவர் மலையுச்சியில் தமக்கென்று ஒரு தனி இடம் கட்டிக்கொண்டு செபித்திருக்கலாம். மாறாக, மற்றவர்கள் ஏறுவதற்குப் படி வைத்தார். 'எங்கள்' என்ற சொல்லைக் கல்லில் செதுக்கினால் அது இப்படித்தான் இருக்கும். வாசலில் பாய் விரித்த அந்தப் பாட்டியும் அதைத்தான் செய்தார். அந்தத் தாய் ஏறி வருவதற்கு ஒரு படி வைத்தார்.

சரி, இதை நடைமுறையில் எப்படிக் கொண்டுவருவது? மூன்று எளிய செயல்களைப் பரிந்துரைக்கிறோம்.

முதலாவது. 'திதகே' என்ற மிகப் பழைமையான கிறிஸ்தவ ஏடு, ஆண்டவர் கற்பித்த செபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி அறிவுறுத்துகிறது. நம் முன்னோர் கோயில் மணி அடிக்கும்போது காலை, நண்பகல், மாலை என மூவேளைச் செபம் சொன்னார்கள். அந்த நேரங்களை நாம் மீட்டெடுப்போம். மணியோசை கேட்காத இடத்தில் வேலை செய்பவர்கள் கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளலாம். அந்த மூன்று வேளையும் இந்தச் செபத்தை ஒருமுறை சொல்லுங்கள். ஆனால் 'எங்கள்' என்ற சொல் வந்ததும் ஒரு மூச்சு நேரம் நிறுத்துங்கள். காலையில் அந்த இடத்தில் உங்கள் வீட்டில் உள்ளவர்களை நினையுங்கள். நண்பகலில், செபிக்க முடியாத நிலையில் இருக்கும் ஒருவருடைய பெயரை வையுங்கள். மாலையில், உங்களுக்குப் பிடிக்காத ஒருவருடைய பெயரை வையுங்கள். மாலையில் வைக்கும் பெயர்தான் கடினம். தொண்டையில் நிற்கும். ஒரு வாரம் விடாமல் செய்து பாருங்கள். அவரைத் தெருவில் பார்க்கும்போது உங்கள் முகம் தானாகவே கொஞ்சம் மாறியிருக்கும்.

இரண்டாவது. துக்க வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் போகும்போது விளக்கம் கொண்டுபோகாதீர்கள். கடவுளின் திட்டம் இது, எல்லாம் நன்மைக்கே என்று அவருக்காக வழக்காட வேண்டாம். அவருக்கு வழக்கறிஞர் தேவையில்லை. சாட்சிகள்தான் தேவை. பாயை விரித்து உட்காருங்கள். "நீங்கள் சொல்ல வேண்டாம், நாங்கள் சொல்கிறோம்" என்று சொல்லுங்கள். அது போதும்.

மூன்றாவது, செபிக்க முடியாமல் இருப்பவர்களுக்கு. திருப்பலிக்கும் அன்பியத்துக்கும் வருவதை நிறுத்திவிடாதீர்கள். பதில் சொல்லாமல், பாடாமல், கைகூப்பாமல் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்காருங்கள். நமக்குச் செபிக்கத் தெரியாதபோது தூய ஆவியார் சொல்லால் வடிக்க முடியாத பெருமூச்சுகளோடு நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்று பவுலடியார் உரோமையருக்கு எழுதுகிறார். உங்கள் பெருமூச்சும் அங்கே கேட்கப்படுகிறது. தோமாவைப் போல அவர்களோடு இருங்கள். உங்கள் எட்டாம் நாள் எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது. ஆனால் ஆண்டவர் வரும்போது நீங்கள் அந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பதே நம் ஆசை.

அந்தத் தாய்க்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். ஏறக்குறைய ஓராண்டு அவர் வந்து வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார். ஒருநாள் அதே தெருவில் இன்னொரு வீட்டுக் குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல். மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அன்று மாலை அன்பியம் கூடியபோது, அந்தக் குழந்தையின் தாய்க்குப் பக்கத்தில் போய் இவர் உட்கார்ந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆண்டவர் கற்பித்த செபம் தொடங்கியபோது, ஓராண்டுக்குப் பிறகு இவருடைய குரல் கேட்டது. பிறகு நம்மிடம் சொன்னார்: "ஃபாதர், எனக்காகக் கேக்க இன்னும் வரல. ஆனா அவளுக்காகக் கேக்க வருது."

இன்றும் அவர் அன்பியத்துக்கு வருகிறார். அந்தச் செபத்தைச் சொல்கிறார். ஆனால் இறைவனின் திருவுளம் நிறைவேற வேண்டும் என்று கேட்கும் அந்த ஓர் இடம் வரும்போது அவருடைய வாய் மூடிக்கொள்ளும். அவர் காத்திருப்பார். சுற்றியிருப்பவர்கள் அந்த மன்றாட்டை அவருக்கும் சேர்த்துச் சொல்வார்கள். உணவுக்கான மன்றாட்டு வரும்போது அவர் மீண்டும் சேர்ந்துகொள்வார். யாரும் அவரை ஏன் என்று கேட்பதில்லை. பத்துப் பேர் சொல்லும் செபத்தில் ஒருவருடைய மௌனம் ஓட்டையாக இருப்பதில்லை. அதுவும் அந்தச் செபத்துக்குள் அடங்கிவிடுகிறது. இறைவன் அந்த மௌனத்தையும் சேர்த்தே கேட்கிறார் என்று நாம் நம்புகிறோம். தம் உடலில் காயங்களோடு உயிர்த்தெழுந்தவர், தோமாவிடம் அந்தக் காயத்தையே காட்டியவர், அந்தத் தாயின் காயத்தைப் பார்த்து முகம் திருப்ப மாட்டார்.

அன்பர்களே, இன்று மாலை வீடு திரும்பும்போது மவுண்ட் ரோடு சிக்னலில் வண்டி நிற்கும். சிவப்பு விளக்கு எரியும் அந்த நேரம் நமக்குப் போதும். முன்னால் பேருந்தில் தொங்குபவர், பக்கத்தில் உணவுப் பை சுமக்கும் பையன், வழி கேட்டு ஒலியெழுப்பும் ஆம்புலன்ஸில் படுத்திருப்பவர், எல்லாரையும் அந்த ஒரு சொல்லுக்குள் சேர்த்துக்கொள்வோம். இந்தச் சாலை மீண்டும் மலைக்குப் போகும் சாலையாகட்டும்.

மன்றாடுவோம். எங்கள் இறைவா, பேச முடிந்தவர்களின் குரலையும் பேச முடியாதவர்களின் மௌனத்தையும் சேர்த்து இந்தக் காலையில் உம்மிடம் கொண்டு வருகிறோம். எங்களில் ஒருவரையும் தனியாக விட்டுவிடாதேயும். உம் திருத்தூதர் தோமாவை எட்டு நாள்கள் தாங்கிய அந்த வீட்டைப் போல எங்கள் வீடுகளையும் எங்கள் பங்கையும் ஆக்கியருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.